பின்கட்டுக்குப் பிளான் இருக்கிறதா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 63 வயது. பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கெலுகோரில் ஒற்றை மாடி வரிசை வீடு. 1989-இல், வீடு கட்டி விற்ற மேம்பாட்டாளரிடம் நேராக வாங்கியது, ஃப்ரீஹோல்ட், கிராண்டு (நில உரிமைப் பத்திரம்) என் பேரில், வங்கிக் கடன் முடிந்துவிட்டது. இதை விற்றுவிட்டுக் காஜாங்கில் மகளோடு போய் இருக்கலாம் என்று நினைக்கிறேன். 1999-இல் என் வீட்டுக்காரர் பின்னால் இருந்த காலி இடம் முழுவதையும் அடைத்துக் குசினியைப் பெரிதாக்கினார். மாநகர் மன்றத்துக்குப் பிளான் எதுவும் கொடுக்கவில்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. மழை பெய்தால் அங்கே ஈரம் இறங்குகிறது. 18,000 ரிங்கிட்டுக்குக் குசினி கேபினெட் மாற்றினால் நல்ல விலை கிடைக்கும் என்கிறான் மகன். ஏஜெண்டோ, "இந்தத் தாமானில் (குடியிருப்பில்) எல்லா வீடும் இப்படித்தான், யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம்" என்கிறார். கையில் 40,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். எதைச் செய்வது, எதை விடுவது? வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? குசினியை இடிக்கச் சொல்வார்களா? தீபாவளிக்குள் சாயம் அடித்து விளம்பரம் போட்டுவிட ஆசை.
— கெலுகோர் வாசகி

பதில்:

கேபினெட்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லையே? கொடுக்காமல் இருந்தால் அப்படியே நிறுத்தி வையுங்கள் அம்மா. நாளைக்கு அந்தக் குசினியில் ஒரு பகுதியை இடிக்க நேர்ந்தால் கேபினெட்டும் கூடவே போகும். இடிக்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம், வாங்குபவர் தன் ரசனைக்கு வேறு கேபினெட் போடத்தான் போகிறார். நான் பிளான் போட ஆரம்பித்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. விற்பதற்கு முன் போட்ட கேபினெட்டை, வீடு கைமாறிய மறுமாதமே குப்பை லாரியில் ஏற்றியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் சுவரைத் தொடாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள். நீங்கள் மேம்பாட்டாளரிடமே வாங்கியவர் என்பதால், 1989-இல் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் வீட்டின் பிளான் இணைக்கப்பட்டிருக்கும். பீரோவில் கிராண்டு இருக்கும் அதே உறையில் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாநகர் மன்றத்தில் அங்கீகரிக்கப்பட்ட பிளானின் நகல் கேட்கலாம். அடையாள அட்டை, கிராண்டு நகல், வீட்டு வரிப் பில் மூன்றையும் கொண்டுபோய்க் கட்டணம் கட்ட வேண்டும். உரிமையாளர் நகல் கேட்பது சாதாரண விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கவுண்டரில் நின்றுகொண்டு, "1999-இல் என் வீட்டுக்காரர்..." என்று கதையை ஆரம்பிக்காதீர்கள். அதைப் பேச வேண்டிய இடம் வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிளான் கைக்கு வந்ததும் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்னால் போங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோடு எங்கே முடிகிறது? உங்கள் நிலத்துக்குள்ளேயே குசினி நிற்கிறதா, இல்லை பின் சந்துக்குள் இரண்டடி போய்விட்டதா, லொங்கான் (சாக்கடை) மேல் ஏறிவிட்டதா? நிலத்துக்குள் இருந்தால் பேச வழி உண்டு. சந்துக்குள் போயிருந்தால் எந்தப் பிளானும் அதைக் காப்பாற்றாது. அது உங்கள் நிலமே இல்லை. அந்தக் காலத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்த குத்தகையாளர்கள் "எல்லாரும் இழுக்கிறார்கள், நீங்களும் இழுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு சுவர் தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள்.

அடுத்து, கழிவுநீர் மேன்ஹோல். பழைய பிளானில் பின்முற்றத்தில் சின்னச் சதுரமாக வரைந்திருப்பார்கள். இன்று அது எங்கே இருக்கிறது? குசினித் தரை ஓட்டுக்கு அடியில் புதைந்துபோன மேன்ஹோல்களை நான் கணக்கில்லாமல் பார்த்துவிட்டேன். அடைப்பு வரும் நாளில்தான் அதன் அருமை தெரியும். வாங்க வருபவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால் முதலில் கேட்பதும் அதைத்தான். மூடி திறக்கும்படி இருந்தால் நல்லது. புதைத்திருந்தால், அந்த இடத்துத் தரை ஓடுகளை எடுத்துவிட்டு, ஓடு பதித்த மூடி ஒன்று போட்டு, திறக்க வழி செய்யுங்கள். பெரிய செலவில்லை.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. பழைய பின்சுவரை என்ன செய்தார்கள்? வாசல் அளவுக்கு மட்டும் உடைத்தார்களா, இல்லை முழுச் சுவரையும் எடுத்துவிட்டார்களா? முழுவதும் எடுத்திருந்தால் மேலே பீம் கொடுத்தார்களா? பழைய கூரையின் பாரம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கலாம். "இருபத்தைந்து வருஷமாக நிற்கிறதே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நிற்கிறதுதான். ஆனால் அது எதன் மேல் நிற்கிறது என்று தெரியாமல் இன்னொருவருக்கு விற்கக்கூடாது. பதிவு பெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். உங்கள் 40,000-இல் நான் முதலில் பணம் வைப்பது இதற்குத்தான்.

சரி, வெடிப்புக்கு வருவோம். வீட்டை மேம்பாட்டாளர் கட்டியபோது அஸ்திவாரம் ஒழுங்காகப் போட்டிருப்பார், மண் மெத்தென்ற இடமாக இருந்தால் ஆழமாகத் தூண் இறக்கும் பைலிங்கும் அடித்திருப்பார். பின்னால் ஒட்டவைத்த குசினிக்கு அப்படிச் செய்வது குறைவு. கொஞ்சம் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, மேலே செங்கல் அடுக்கிவிடுவார்கள். பழைய வீடு அசையாமல் நிற்க, புதுக் குசினி மட்டும் மெல்ல மண்ணில் இறங்கும். இறங்கும்போது வெளிப்பக்கம் சாயும். அதனால்தான் இந்த மாதிரி வெடிப்பு பெரும்பாலும் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். உங்கள் வெடிப்பு அப்படித்தானா என்று பாருங்கள்.

அப்படி என்றால் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை அடைத்திருப்பீர்கள், அது திரும்பத் திரும்ப விட்டிருக்கும், சரிதானே? இரண்டு கட்டடம் தனித்தனியாக அசையும் இடத்தில் கெட்டியான பூச்சு நிற்காது. வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு கோடு போடுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள். இடைவெளியை ஸ்கேலால் அளந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து குறித்து வையுங்கள். நான்கைந்து மாதத்தில் அசைவே இல்லை என்றால் குசினி இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்துவிட்டது என்று ஓரளவு நம்பலாம். அப்போது அந்த இடைவெளியை வளைந்து கொடுக்கும் சீலண்ட் வைத்து மூடி, ஓர் இணைப்புக்கோடாகவே விட்டுவிடலாம். மறைக்க வேண்டியதில்லை. அளவு கூடிக்கொண்டே போனால் விஷயம் வேறு. குசினித் தரைக்கு அடியில் கழிவுக் குழாய் உடைந்து, தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வரும் குழாயையும் சோதிக்கலாம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படியுங்கள், காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன் மறுபடி படியுங்கள். நம்பர் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

ஈரம் அந்த வெடிப்பு வழியாக மட்டும்தான் வருகிறது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் மூலையில் ஒரு தகரப் பட்டை இருக்கும். அது துருப்பிடித்தோ தூக்கிக்கொண்டோ இருந்தால் அங்கே நுழையும் தண்ணீர், சுவர் வழியே இறங்கி வெடிப்பில் தலைகாட்டும். குசினிக்கு மேல் தகரமா, கான்கிரீட்டா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான். மழை இல்லாத நாளில் ரப்பர் ஹோஸைப் பிடித்துக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். எந்த இடத்தில் விடும்போது உள்ளே நனைகிறதோ அதுதான் ஓட்டை. மேலே இருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்து ஒன்றும் புரியாது.

இனி ஏஜெண்ட் சொன்னதைப் பேசுவோம். எல்லா வீடும் இப்படித்தான் என்பது உண்மை. கெலுகோரில் மட்டுமா, ஜெலுத்தோங்கில், ஆயர் ஈத்தாமில் எந்தப் பின் சந்தில் நடந்தாலும் பார்க்கலாம். ஆனால் எல்லாரும் செய்தது என்பதால் அது அங்கீகாரம் ஆகிவிடாது. கட்டடம் கட்டவோ மாற்றவோ முன்கூட்டியே பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70-ஆவது பிரிவில் சொல்கிறது. அனுமதி இல்லாததை இடிக்கச் சொல்லும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. வருஷம் கடந்ததால் தானாகச் சரியாகிவிடாது. சிலர் என்னிடம், "குசினிக்கும் சேர்த்துத்தானே வீட்டு வரி வாங்குகிறார்கள்" என்று வாதாடுவார்கள். வரி போடுவது ஒரு வேலை, பிளானை அங்கீகரிப்பது வேறு வேலை. ஒன்றை வைத்து மற்றதைக் கோர முடியாது.

அதற்காக நாளைக்கே இயந்திரத்தோடு வந்து நிற்பார்கள் என்று சொல்லவில்லை. உங்கள் தாமானில் இத்தனை வருஷம் யாரும் வரவில்லை. உங்களுக்குப் பிரச்சினை மாநகர் மன்றத்திடமிருந்து வருவதற்கு முன் வங்கியிடமிருந்து வரும். ஏஜெண்ட் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

வாங்குபவர் கடன் கேட்டதும் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் அங்கீகரிக்கப்பட்ட பரப்பை வைத்துத்தான் பெரும்பாலும் விலை போடுவார். அனுமதியில்லாத பின்கட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 620,000-க்குப் பேசி முடிக்கிறீர்கள். வங்கி 560,000 என்று மதிப்பிடுகிறது. 90 விழுக்காடு கடன் என்றால் 504,000 தான் கிடைக்கும். 62,000 ரிங்கிட் கையில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு இப்போது 116,000 வேண்டும். மிச்சம் 54,000-க்கு அவர் எங்கே போவார்? ஒன்று விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லை விலகிவிடுவார். உங்களுக்கோ அதற்குள் மூன்று மாதம் போயிருக்கும். விற்பனை முறிந்த கதைகளில் நான் கேட்டவற்றில் பாதி இப்படித்தான் முறிந்தது. வாங்குபவருக்குக் கோபமே இல்லை, பணம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆக உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. இருக்கிற குசினியை இருக்கிறபடியே வரைந்து, பொறியியலாளர் சான்றோடு பிளான் சமர்ப்பித்து அங்கீகாரம் கேட்பது ஒன்று. எல்லைக்குள் இருந்து, பின்னால் விட வேண்டிய இடைவெளி போன்ற விதிகளோடு ஒத்துப்போனால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அபராதம் வரலாம், ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லலாம், ஒட்டிய வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதமும் பொதுவாகக் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு வழி, ஒத்துவராத பகுதியை நீங்களே எடுத்துவிடுவது. மூன்றாவது, உள்ளது உள்ளபடி சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்பது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்? சந்துக்குள் ஓர் அடி போயிருந்தாலும் முதலில் அதை இடித்து நிலத்துக்குள் கொண்டுவந்துவிடுவேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குசினி முழுக்க நிலத்துக்குள் இருக்கிறது, பீம் இருக்கிறது, வெடிப்பு அசையவில்லை என்றால், லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியா என்ற கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டட வரைவாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அங்கீகாரம் கிடைக்குமா கிடைக்காதா என்று முதலில் வாய்வார்த்தையாகக் கேட்பேன். 1999 கதையை எல்லாம் அவரிடம் சொல்லலாம். மன்றத்தில் சமர்ப்பித்த பிறகு பின்வாங்க முடியாது, அதனால் இந்தப் பேச்சு முன்பே நடக்க வேண்டும். "கிடைக்கும்" என்றால் சமர்ப்பியுங்கள். காஜாங்குக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லையே? ஆறேழு மாதம் பொறுத்தால், பிளான் உள்ள வீடு என்று விளம்பரத்தில் போடலாம். உங்கள் தாமானில் அப்படிப் போடக்கூடியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அவர் தலையாட்டாவிட்டால் மூன்றாவது வழிதான், அதிலும் கேவலம் ஒன்றுமில்லை.

சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். சொல்லிவிடுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். பழைய வீட்டை விற்கும்போது "இருக்கிறபடியே" என்ற நிபந்தனையில்தான் விற்பார்கள், பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதும் உண்மைதான். ஆனால் சும்மா இருப்பது வேறு, தெரிந்ததை மறைப்பது வேறு. தெரிந்த ஒன்றைத் திட்டமிட்டு மறைப்பதை 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவில் மோசடி என்றே வைக்கிறது. வெடிப்புக்கு மேல் பலகை அடித்து கேபினெட்டை நிறுத்துவது எதில் சேரும் என்று நீங்களே யோசியுங்கள். ஒப்பந்தத்தில் அனுமதியற்ற கட்டுமானம் எதுவும் இல்லை என்று நீங்கள் உறுதி கூறுவதாக ஒரு வரி வந்துவிடலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். "1999-இல் கட்டிய பின்பக்கக் குசினிக்குப் பிளான் அங்கீகாரம் இல்லை, வாங்குபவர் இதை அறிவார்" என்று உங்கள் வக்கீல் சேர்க்கட்டும். வாங்குபவரின் வக்கீலே உங்களுக்கும் பார்ப்பார், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்களுக்கு என்று ஒருவரை வையுங்கள். ஏஜெண்டிடம், "சொல்லவேண்டாம் என்று நீங்கள் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அனுப்ப மாட்டார். அவர் கழுத்தில் ஆர்இஎன் எண் (வீடு விற்பனை முகவருக்கான பதிவு எண்) போட்ட சிவப்பு அட்டை தொங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மீதிப் பணத்தை எங்கே போடுவது? பாதியைத் தொடாமல் வையுங்கள். பொறியியலாளர், வரைவாளர், மன்றக் கட்டணம், இடிக்க நேர்ந்தால் அதற்கு என்று அது போகும். மறுபாதியில் முதலில் கூரை, அந்தத் தகரப் பட்டை, அடைத்துக்கொண்ட கூரைத் தண்ணீர் வழி. அடுத்தது வயரிங். 1989-இல் போட்ட பெட்டியும் ஸ்விட்சும் இன்னும் அப்படியே இருந்தால், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஏர்கோனும் வாட்டர் ஹீட்டரும் சேர்த்த இடங்களை மறக்காமல் காட்டுங்கள். கரையானுக்கு ஓர் ஆளைக் கூப்பிடுங்கள், கூரைக்குள் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் வேண்டாம். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தக் கால ஆஸ்பெஸ்டாஸ் பலகைதான் சீலிங்காக இருக்கிறது, முழுசாக இருக்கிறது என்றால் அதைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம், அப்படியே விடுங்கள். கேட்டுக்கு எண்ணெய், குளியலறைக்குப் புதுக் கதவு, புல் வெட்டுவது இவ்வளவு போதும். ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், வீடு பார்க்க வருபவரிடம் அந்தக் கோப்பை நீட்டினால் கேபினெட்டைவிட நன்றாகப் பேசும்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. குடிமக்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் சொத்து ஆதாய வரியின் விகிதம் 2022 முதல் சுழியம். ஆனாலும் வரிப் படிவம் அனுப்ப வேண்டும், வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

கடைசியாகத் தீபாவளிச் சாயம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும், தீபாவளியும் அந்த ஈரத்தோடுதான் வருகிறது. ஈரச் சுவரில் தீபாவளிக்கு அடித்த சாயம் தைப்பூசத்துக்குள் உப்பிவிடும், நீங்களே பல வருஷம் பார்த்திருப்பீர்கள். அதனால் பிள்ளைகள் வருவதற்குள் ஹாலையும் முன்னறைகளையும் தாராளமாக அடியுங்கள். குசினிச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். பென்சில் கோடு அப்படியே தெரியட்டும். இந்த மழை முழுவதும் அதன் மேல் பெய்யட்டும். ஜனவரியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்கு எழுதுங்கள். கூடவே பழைய பிளானையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சாயத்தைப் பற்றிப் பேசுவோம்.